"அக்கா, எனக்குக் கவர்மெண்ட் காலேஜ் கிடைக்குமா?" – பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

சேர்வராயன் மலையிலும் கீழே சேலத்தைச் சுற்றியும் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில், ஒண்டிக்கடையிலிருந்து நடக்கிற தூரத்தில், ஜெராக்ஸ் எடுப்பதற்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போடுவதற்கும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கணினி, ஒரு ஸ்கேனர், கரண்ட் போனால் அரைமணி நேரம் தாங்கும் ஒரு பேட்டரி. பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், தலைச்சோலை என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் என் கடைக்கு வருகிறார்கள். அப்பாவோடு சிலர், சித்தப்பாவோடு சிலர், தனியாகவே நிறையப் பேர்.

வந்து உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எனக்குக் கவர்மெண்ட் காலேஜ் கிடைக்குமா?" கேட்கும்போதே பாதிப் பேர் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். "சார் கிடைக்காதுன்னு சொல்லிட்டாரு." "மிஸ் சும்மா போட்டுப் பாருன்னாங்க."

அந்தப் பதிலைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு ஒரு பெண் வந்தாள். மொத்தம் 382. அறுநூற்றுக்கு 382 என்றால் பார்த்த உடனே யாருக்கும் ஒரு எண்ணம் வந்துவிடும். அவள் பள்ளியில் சொன்னார்களாம், இந்த மார்க்குக்கு அரசுக் கல்லூரி கஷ்டம், கீழே ஏதாவது தனியார் கல்லூரியில் கேட்டுப் பார் என்று. அவள் அப்பா எஸ்டேட்டில் கூலி. தனியார் கல்லூரி என்றதும் வீட்டில் பேச்சு அதோடு முடிந்துவிட்டது. ஆதார் கார்டில் ஏதோ திருத்தம் செய்யத்தான் என் கடைக்கு வந்திருந்தாள். மதிப்பெண் பட்டியலைக் காட்டச் சொன்னேன். நான்கு சயின்ஸ் பாடங்களும் சேர்த்து 249. ஆங்கிலம் 41. தமிழ் 92.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் அது வகுப்பறைக்குள் வருவதில்லை. 600 என்ற மொத்தத்தை அங்கே யாரும் பார்ப்பதில்லை. மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு, மற்ற நான்கு பாடங்களை 400-க்குக் கூட்டி ஒரு தரவரிசை. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணை மட்டும் 100-க்கு வைத்து ஒரு தரவரிசை. பி.ஏ. ஆங்கிலத்துக்கு அதேபோல் ஆங்கிலம் மட்டும். அப்படியானால் இந்தப் பெண் மூன்று வேறு வேறு மாணவிகள். ஆங்கில வரிசையில் கடைசியில் நிற்பாள். 400-க்கான வரிசையில் நடுவுக்குக் கீழே. தமிழ் வரிசையில் முன்னால். அவள் கையில் இருந்த 92-ஐ மூடி மறைத்தது அந்த 382 என்ற எண்.

விண்ணப்பம் போட்டோம். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அதற்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய். மற்றவர்களுக்கு எல்லாம் சேர்த்து 50 ரூபாய். இன்று அவள் சேலத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படிக்கிறாள். இரண்டு ரூபாயை யாரும் போடச் சொல்லாததால் போடாமல் இருந்திருப்பாள்.

பொறியியலிலும் இதே கதைதான். கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக மொத்தம் 200. இந்தக் கூட்டலைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். தமிழ், ஆங்கிலம், உயிரியல், கணினி அறிவியல் எதுவும் அந்தக் கட்-ஆஃபில் சேராது. ஒரு பையன் கணிதத்தில் 82, இயற்பியலில் 60, வேதியியலில் 58 வாங்கியிருக்கிறான் என்று வையுங்கள். 82, 30, 29. கட்-ஆஃப் 141. இன்னொருவன் கணிதத்தில் 62, இயற்பியலில் 80, வேதியியலில் 78. அவனுக்கும் 141. மூன்று பாடத்தையும் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது பையன் இருபது மார்க் அதிகம். ஊரில் அவனைத்தான் கெட்டிக்காரன் என்பார்கள். இடம் ஒதுக்குகிற கவுன்சிலிங்கில் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அதிலும் சமமாக வந்தால் முதலில் பார்ப்பது கணித மதிப்பெண்ணை, ஆகவே முதல் பையன் முன்னால் போய்விடுவான். இதைப் பிளஸ் டூ தொடங்கும்போதே சொல்லியிருந்தால், கணிதத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருப்பான் இல்லையா? காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் எங்கள் பிள்ளைகளுக்குப் படிக்கக் கிடைப்பது ராத்திரியில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை எந்தப் பாடத்துக்குக் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சரி, கட்-ஆஃப் தெரிந்துவிட்டது. அதற்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்? அதையும் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்துக்கு எத்தனை கட்-ஆஃப் வரை இடம் போனது என்று முந்தைய ஆண்டுகளின் பட்டியல் பொறியியல் சேர்க்கை இணையதளத்திலேயே இருக்கிறது. கருப்பூரில் 1966 முதல் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் வேண்டும் என்று ஒரு பையன் சொன்னால், அவன் சமூகத்துக்கான வரியில் விரலை வைத்துப் பார்க்கலாம். பார்த்தபிறகு சொல்லும் பதிலுக்கும் பார்க்காமல் சொல்லும் பதிலுக்கும் ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டு வித்தியாசம் இருக்கிறது.

இங்கே 7.5 சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் மருத்துவத்திலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றிலும் வந்த உள் ஒதுக்கீடு அது. அதில் பொறியியலில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் வரை அரசே கட்டுகிறது. எஸ்டேட் கூலிக்காரர் வீட்டில் இது என்ன செய்யும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பழங்குடியினர் நலத்துறைப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி எல்லாம் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. எங்கள் ஊர் பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர். ஆறாவதில் பிள்ளையை "நல்ல ஸ்கூலில்" ஒரு வருடமாவது போட்டுப் பார்ப்போம் என்று உதவி பெறும் பள்ளியிலோ தனியாரிலோ சேர்த்து, ஃபீஸ் கட்ட முடியாமல் எட்டாவதில் திரும்ப அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்ட பெற்றோர்களை எனக்குத் தெரியும். அந்த ஒன்றிரண்டு வருடம் பிளஸ் டூ முடித்தபிறகு வந்து கதவை அடைக்கிறது. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது வருகிறார்கள். அதனால் 7.5-லும் வருவோம் என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். என் கடையில் உட்கார்ந்துதான் இல்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். ஒரு தாய் அந்த நாற்காலியில் அழுததை நான் மறக்கவே மாட்டேன். இதைச் சொல்ல வேண்டிய நேரம் ஐந்தாம் வகுப்பு. பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கு ஒருமுறை போய், நான்கு பெற்றோரைக் கூட்டி வைத்துச் சொன்னால் போதும். பிளஸ் டூ ஆசிரியர் வந்து சொன்னால் எங்கள் ஜனங்கள் கேட்பார்கள்.

அப்புறம் சாதிச் சான்றிதழ். எங்கள் மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மற்ற சமூகத்தாருக்குத் தாலுகா அலுவலகத்திலேயே சான்றிதழ் முடிந்துவிடும். எஸ்.டி. சான்றிதழில் வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். விசாரணை இருக்கிறது, அதற்கான நாட்கள் இருக்கின்றன. ரிசல்ட் வந்தபிறகு அதைத் தொடங்கினால் விண்ணப்பத் தேதிக்குள் வருமா வராதா என்று தினமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். ஏற்கெனவே மெல்லிய கோடு அது. அந்தக் கோட்டிலும் நிற்க வேண்டிய பிள்ளை, கையில் தாள் இல்லாததால் பொது வரிசையில் போய் நிற்கிறது. 2025-இல் ரிசல்ட் வந்தது மே 8. பொறியியல் பதிவு அதற்கு முந்தின நாளே தொடங்கி ஜூன் 6-இல் முடிந்தது. கலைக் கல்லூரிகளுக்கு அதைவிடச் சீக்கிரம். இடையில் கோடை விழா. கூட்டத்தில் பஸ் ஏற முடியாது, பெற்றோர்களுக்கு லாட்ஜிலும் கடைகளிலும் வேலை இருக்கும் மாதம் அது. இந்த நான்கு வாரத்துக்குள் சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று எல்லாச் சான்றிதழுக்கும் அலைந்து, போட்டோ எடுத்து, விண்ணப்பமும் போட வேண்டும். ஓ.டி.பி. வருகிற கைப்பேசி அப்பாவிடம் இருக்கும். அப்பா சிக்னல் இல்லாத தோட்டத்தில் இருப்பார். பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இரண்டு நாள் வந்துபோகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

பிளஸ் ஒன் படிக்கும்போதே இந்தச் சான்றிதழ்களை வாங்கிவைக்க முடியும். ஒரு சனிக்கிழமை. யார் யாரிடம் எது இல்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். வருமானச் சான்றிதழை மட்டும் கடைசியில் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் ஏன் இதில் இவ்வளவு மனசு வைக்கிறேன் என்று கேட்பீர்கள். 2009-இல் நான் பிளஸ் டூ முடித்தேன். எந்தப் பள்ளி என்று எழுத மாட்டேன், அங்கே எனக்கு நல்லது செய்தவர்களும் இருந்தார்கள். அப்போது மொத்தம் 1200. என் மொத்தத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஆசிரியர், "இதுக்கெல்லாம் கவர்மெண்ட் காலேஜ்ல வாசல்படி கூட ஏற விடமாட்டாங்க, கம்ப்யூட்டர் கோர்ஸ் எதாச்சும் போ கண்ணு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏமாந்துபோகக் கூடாதே என்றுதான் சொன்னார். நான் விண்ணப்பப் படிவம் வாங்கவே கீழே இறங்கவில்லை. பிறகு வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் பி.காம். முடித்தேன். கடை வைத்து, மற்ற பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்த பிறகுதான் மொழிப்பாடம் கழித்துக் கணக்கிடுகிற முறையே எனக்குத் தெரியவந்தது. ஒருநாள் ராத்திரி கடையை அடைத்துவிட்டு, என் பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். என்னைக் கீழே இழுத்தது ஆங்கிலம். வணிகவியலிலும் கணக்குப்பதிவியலிலும் நான் நன்றாகத்தான் வாங்கியிருந்தேன். கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். வரிசையில் நிற்கவே இல்லையே நான்.

இன்னும் சில சங்கதிகளையும் சொல்லிவிடுகிறேன்.

"பெரியார் யுனிவர்சிட்டியில் சேரணும்" என்று வருகிற பிள்ளைகளுக்கு, கருப்பூரில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் நடப்பது பெரும்பாலும் முதுகலை வகுப்புகள் என்பது தெரியாது. சேலம் அரசுக் கல்லூரியிலோ, ஆத்தூரிலோ, ராசிபுரத்திலோ இளங்கலை படித்தாலும் பட்டம் தருவது அதே பெரியார் பல்கலைக்கழகம்தான் என்று சொன்னால் முகம் தெளிகிறது. அதேபோல் மத்தியப் பல்கலைக்கழகங்கள். திருவாரூரில் இருப்பது நம் மாநிலத்திலேயே இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகம். அதற்கு 2022 முதல் கியூட் என்ற நுழைவுத்தேர்வு. விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருகிறதற்கு முன்பே மூடிவிடுகிறது. ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம் என்று இருப்பவர்களுக்கு அந்த வாசல் இருந்ததே தெரியாது. ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது மே மாதம் வந்து அதைக் கேட்கும், நான் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

தோட்டக்கலைப் படிப்பைப் பற்றி யாருமே கேட்பதில்லை. இது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போய்வருகிறார்கள். மிளகுக்கொடியை எந்த மரத்தில் ஏற்ற வேண்டும், காப்பிக்கு எவ்வளவு நிழல் வேண்டும், பூ உதிர்ந்தால் என்ன காரணம் என்று பத்து வயதிலேயே தெரிந்த பிள்ளைகள் இவர்கள். அதற்கு ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும், அதிலும் 7.5 ஒதுக்கீடு உண்டு என்று உயிரியல் ஆசிரியர் ஒரு தடவை சொன்னால் போதும். பொறியியல் இல்லையென்றால் நர்சிங், அதுவும் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்ற நினைப்பு மாறும்.

கவுன்சிலிங்கில் கல்லூரி வரிசை கொடுப்பதும் அப்படித்தான். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். எங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்ட மூன்று பெயரைப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தச் சுற்றில் ஒதுக்கீடே இல்லை. போன ஆண்டு ஒரு பையனை அறுபது போட வைத்தேன். முதல் பத்தில் கிடைக்கவில்லை, இருபத்தேழாவதில் கிடைத்தது.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஆசிரியர் இரண்டு பாடம் எடுப்பதையும், கீழேயிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து சாயங்காலம் திரும்ப இறங்குவதையும், பாடத்தைத் தவிர ஆயிரம் பதிவேடுகள் நிரப்புவதையும் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு முதுகலை ஆசிரியை, வேதியியல், ரிசல்ட் வந்த மறுநாள் விடுமுறையிலும் மேலே வந்தார். ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து, மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். 400-க்கு இவ்வளவு, 200-க்கு இவ்வளவு, தமிழ் இவ்வளவு, 7.5-க்குத் தகுதி உண்டா, எந்தச் சான்றிதழ் இல்லை. அவ்வளவுதான் அந்தத் தாளில் இருந்தது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் அந்த ஆண்டு ஏதோ ஒரு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார்கள். ஒன்பதாவது பையனும் தெரிந்தேதான் ஐ.டி.ஐ. போனான், வெல்டர் வேலை அவனுக்குப் பிடித்திருந்தது.

நான் உங்களிடம் கேட்பது அந்தத் தாளைத்தான். ஜனவரியில், ரிவிஷன் தேர்வு மார்க்கை வைத்து, வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. கிடைக்கும், கிடைக்காது என்று எழுத வேண்டாம். எண்களை மட்டும் எழுதுங்கள். பிள்ளைக்கே கணக்குப் போடத் தெரியும், பன்னிரண்டு வருடம் அதைத்தானே சொல்லிக்கொடுத்தீர்கள். வீட்டில் அப்பா அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தத் தாளைக் காட்டிப் பேச ஒரு வாய்ப்பு அதற்கு இருக்கும். ரிசல்ட் வந்த வாரத்தில் பள்ளியில் யாராவது ஒருவர் இரண்டு மணி நேரமாவது இருங்கள். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு என் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் விண்ணப்பம் போட்டுக்கொடுப்பேன். ஆனால் ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு அவர்களைப் பார்த்தவள் இல்லை நான். யாருக்குக் கணிதம் உண்மையில் பிடிக்கும், யார் விடுதியில் தங்குவார்கள், யார் வீட்டில் விடமாட்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

தாள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி தயார்செய்து வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளிக்கு வேண்டுமென்றாலும் தேவையான பிரதி எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். சான்றிதழ் சரிபார்க்கிற சனிக்கிழமை என்றைக்கு என்று சொன்னால் கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு ஸ்கேனரோடு பள்ளிக்கே வருகிறேன். செம்மநத்தம் என்றாலும் சரி, மாரமங்கலம் என்றாலும் சரி, காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஏற்காட்டிலிருந்து உங்கள் பழைய மாணவிகளில் ஒருத்தி